கவசம் பூண்ட பலகை

ஆன்சல் பிக்கெட் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"எழுத்து நிக்கக் கூடாது, மிஸ் டோரீன். நடுவுல ஒரு வரிகூட விட்டுப் போகக் கூடாது. மத்ததை நான் பாத்துக்கறேன்."

கார்களுக்கான தகடுகளை அறைந்து வளைக்கும் பட்டறையில் வாலிபத்தையும் வயதையும் கொடுத்தவர் அவர். அந்த ராட்சத எந்திரங்கள் கூலியாக அவருக்குக் கொடுத்தது ஓய்வூதியத்தையும், இரண்டு காதுகளிலும் நிரந்தர அமைதியையும். பேசுவார்; நன்றாகவே பேசுவார், சற்று உரக்க. பிறர் பேசுவதுதான் அவருக்குக் கேட்காது. அமெரிக்காவின் ஈரி ஏரிக்கரையில் உள்ள அந்தத் தொழில் நகரத்தில், அவர் வீடிருக்கும் தெருவின் முனையில், பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் உலை ஒன்றை நிறுவ ஒரு நிறுவனம் அனுமதி கேட்டிருந்தது. மார்ச் மாதத்தில் நகர மன்றத்தில் பொது விசாரணை. முதலில் நிறுவனத்தின் வழக்கறிஞர் பேசுவார்; பிறகு குடிமக்கள் ஆளுக்கு மூன்று நிமிடம் மறுத்துப் பேசலாம்; அதன்பின் வாக்கெடுப்பு. வழக்கறிஞர் என்ன சொன்னார் என்று தெரியாமல் அவரை எப்படி மறுப்பது? அதற்குத்தான் மன்றத்தின் சுவரில் ஒரு திரை இருந்தது. அந்தத் திரையில் எழுத்து ஓடும். அந்த எழுத்தை ஓடவிடும் கைகள் டோரீன் சாபோவின் கைகள்.

மன்றத்தில் பேசப்படுவது தொலைபேசி வழியே டோரீனின் காதுக்கு வரும். வீட்டின் மாடியறையில் அமர்ந்து, சுருக்கெழுத்து எந்திரத்தின் சிறு விசைகளைப் பியானோ வாசிப்பவரைப் போலக் கொத்துக் கொத்தாக அழுத்துவாள். அவளுடைய கணினி அந்தக் கொத்துகளைச் சொற்களாக்கி, இணையத்தின் வழியே மன்றத்துத் திரைக்கு அனுப்பும். பேச்சாளரின் வாய் மூடுவதற்குள் அவர் சொன்னது சுவரில் எழுந்து நிற்கும். காது கேளாத குடிமகனுக்கும் காது கேட்கும் குடிமகனுக்கும் இடையிலிருந்த உரிமை வேறுபாட்டை அந்த ஒற்றைத் திரை அழித்துக்கொண்டிருந்தது. டோரீனுக்கு அது வயிற்றுப் பிழைப்பு. அதற்கும் மேலே, வெளியில் சொல்லிக்கொள்ளாத ஒரு பெருமை.

அந்தக் குளிர்காலத்தில் அவளுடைய பழைய கணினி தானாகவே அணைந்து எழத் தொடங்கியது. திறந்து பார்த்தாள். உள்ளே மதர்போர்டின் மீது நிற்கும் சிறு உருளைகள் வயிறு வீங்கி வெடித்திருந்தன. மதர்போர்டு என்பது கணினியின் மற்ற உறுப்புகள் எல்லாம் வந்து அமர்கின்ற தாய்ப்பலகை. மூளையை மாற்றலாம், நினைவகத்தை மாற்றலாம், பலகை போனால் வீடே போன மாதிரி. புதுக் கணினி ஒன்றைத் தானே கட்டிக்கொள்வது என்று முடிவு செய்தாள்.

எந்தப் பலகையை நம்புவது? டோரீன் அதை அறிவுள்ளவர்கள் தேட வேண்டிய முறையில் தேடினாள். புகழ்ந்து பேசியவர்களின் வாயை அவள் பார்க்கவில்லை. ஓராண்டு பயன்படுத்திவிட்டுப் புலம்பியவர்களின் புலம்பலைப் படித்தாள். எந்தப் பலகை எங்கே இடறியது, எதனால் இடறியது, நிறுவனம் மாற்றிக் கொடுத்ததா, மறுத்து விரட்டியதா என்று மாலை மாலையாகப் படித்தாள். தனக்கு வேண்டியது என்ன என்பதில் அவளுக்குக் குழப்பமே இல்லை. வேகம் வேண்டாம், விளையாட்டு வேண்டாம். இணைய இணைப்பு அறுந்துவிடக் கூடாது; சுருக்கெழுத்து எந்திரத்தைச் சொருகும் துளை கண் சிமிட்டக் கூடாது. கடைசியில் ஒரு பலகை தேறியது. வெறும் பச்சை நிறம். வங்கி முகப்புகளுக்கும் மருத்துவமனை வரவேற்பறைகளுக்கும் செய்யப்பட்டது. விளக்கு இல்லை, வண்ணம் இல்லை, அதைப் பற்றிக் காணொளி போட்டவர் எவரும் இல்லை. ஆனால் அதன் இணைய இணைப்பைக் கவனிக்கும் சிப், அதாவது சில்லு, பழையது, பலர் கையில் பட்டுத் தேர்ந்தது. அதைப் பற்றிப் புலம்பியவர்களைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

அதை அப்படியே வாங்கியிருந்தால் இந்தக் கதை இல்லை. ஆனால் டோரீன் ஒரு சங்கத்தின் உறுப்பினர்.

லூதரன் தேவாலயத்தின் நிலவறையில் சனிக்கிழமை காலைதோறும் கூடுவது அந்தக் கணினிச் சங்கம். ஒரு பெரிய காபிக் கொதிகலன், இரண்டு பெட்டி டோனட், நீள மேசைகள். அங்கே ஒரு வழக்கம் இருந்தது. 'கிழிப்பு' என்று அதற்குப் பெயர். புதுக் கணினி கட்டப் போகிறவர், வாங்குவதற்கு முன்னால் எழுந்து நின்று, என்னென்ன வாங்கப் போகிறார் என்று சொல்ல வேண்டும். மற்றவர்கள் அதைக் கிழிப்பார்கள். அறியாதவன் ஏமாந்துவிடக் கூடாதே என்ற நல்லெண்ணத்தில் பிறந்த வழக்கம்தான் அது. நல்லெண்ணத்தில் பிறந்த எத்தனையோ வழக்கங்கள் பின்னாளில் எந்தக் கதிக்கு ஆளாயினவோ, அதே கதிக்கு அதுவும் ஆளாகியிருந்தது. கேள்வி கேட்பதற்காக வந்த கூட்டம், ஒருவர் முகத்தைப் பார்த்துத் தலையாட்டும் கூட்டமாகிவிட்டது.

அந்த ஒருவர் ராய்ஸ் டெட்மர். மதர்போர்டுகளைச் சோதித்துக் காணொளி வெளியிடுபவர். நிறுவனங்கள் புதுப் பலகைகளைக் கடைக்கு வரும் முன்பே அவர் வீட்டுக்கு இலவசமாக அனுப்பி வைக்கும். சங்கத்தில் எல்லோரும் பேசி முடித்தபின் ராய்ஸ் ஒரு சொல் சொல்வார். அதற்குமேல் அங்கே மேல்முறையீடு கிடையாது. கீழே நிலவறையில் அமர்ந்திருந்தாரே தவிர, மேலே பிரசங்க மேடையில் நின்றவருக்கும் அவ்வளவு அதிகாரம் இருந்ததில்லை.

பிப்ரவரியில் டோரீன் எழுந்து நின்று தன் பச்சைப் பலகையின் பெயரைச் சொன்னாள். பிறகு, ஓய்வு பெற்ற மின்பணியாளர் லைல், வாயில் டோனட்டோடு ஆரம்பித்தார்.

"ஏம்மா டோரீன், பல் டாக்டர்கிட்ட வேலைக்குச் சேர்ந்துட்டியா? சொல்லவே இல்லையே!"

நிலவறை குலுங்கியது.

"பச்சைக் கலர் வேற! இது போர்டா, சாலட் தட்டா?"

"எங்க மாமியார் வச்சிருந்த மெஷின்ல இதுதான் இருந்துச்சு. மாமியார் போயிட்டாங்க, போர்டு இன்னும் ஓடுது" என்றது பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

"அதைத்தானே நானும் கேக்கறேன்!" என்றாள் டோரீன். "எனக்கு நிக்காம ஓடணும். நெட்வொர்க் அறுந்து போகக் கூடாது. அவ்வளவுதான். கேம் ஆடவா போறேன்?"

அவள் சொன்னது நியாயம். ஆனால் நியாயத்துக்கு அன்று ஆதரவாக ஒரு கைகூட எழவில்லை. நம்பகம் என்ற சொல்லுக்கு அந்த நிலவறையில் வேறு பொருள் இருந்தது. கணினியின் மூளையை அதன் அளவை மீறி எவ்வளவு வேகமாக முறுக்கி ஓட்டினாலும் எந்தப் பலகை தாங்குகிறதோ, அதுவே நம்பத்தக்க பலகை என்பது அவர்கள் சித்தாந்தம். ஆண்டுக்கொரு முறை மலையேறுபவனின் செருப்பை, தினம் கடைக்கு நடந்து போகிறவளின் காலில் மாட்டிவிடுவதில் அவர்களுக்குப் பெருமகிழ்ச்சி.

ராய்ஸ் காபிக் கோப்பையை மேசைமீது வைத்தார். நிலவறை அடங்கியது.

"டோரீன், இங்க பாரு. நிக்காம ஓடணும்னா அடியில பலம் வேணும். மூளைக்குக் கரண்ட் குடுக்கிற பக்கத்தைப் பாரு, இதுல பேருக்கு ஏதோ வச்சிருக்கான். நான் டாங்கியை நாள் கணக்குல விடாம முறுக்கி ஓட்டினேன். சூடே ஏறலை. வீடியோ பாத்தியா, இல்லையா?"

டாங்கி என்று அவர்கள் அழைத்தது, உலோகக் கவசம் பூண்டு, ஓரமெல்லாம் செந்நிற விளக்கு எரியும் ஒரு கறுப்புப் பலகையை. டோரீன் அந்தக் காணொளியைப் பார்த்திருந்தாள்.

"பாத்தேன். அதுல நெட்வொர்க் சிப் எப்படி?"

"நல்ல சிப்தான். நானே கவசத்தைக் கழட்டிக் காட்டியிருக்கேனே."

"இல்ல, ராய்ஸ், நான் படிச்ச வரைக்கும் இந்தப் பச்சை போர்டுதான்..."

"நீ படிச்சதெல்லாம் யாரோ எழுதினது. நான் சொல்றது உன் எதிர்ல உக்காந்து சொல்றது. எத்தனை வருஷமா பழகறோம்? நான் சொன்னா நம்ப மாட்டியா?"

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். லைல் உதட்டில் சர்க்கரைத் தூளோடு சிரித்துக்கொண்டிருந்தார். அந்தக் கேள்விக்கு 'மாட்டேன்' என்று விடை சொல்ல ஒரு துணிவு வேண்டும். மன்றத்தில் பேசப்படும் எல்லார் சொல்லையும் ஒரு சொல் பிசகாமல் எழுதும் அந்தப் பெண்ணுக்கு, தன் சொல் ஒன்றைத் தான் சொல்ல நா எழவில்லை.

"சரி" என்றாள். "டாங்கியே வாங்கிடறேன்."

கைதட்டினார்கள். அடுத்த சனிக்கிழமையே நிலவறை மேசையில் சங்கமே கூடிக் கணினியைக் கட்டியது. லைல் கம்பிகளைச் சொருகினார். பொத்தானை அழுத்தியதும் செவ்விளக்குகள் வரிசையாக எரிந்தன. பிறந்த குழந்தையைப் பார்ப்பதுபோல் எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். டோரீனும் பார்த்தாள், அழகாகத்தான் இருந்தது.

சில நாளில், நூலகக் குழுவின் கூட்டம் ஒன்றுக்கு எழுதிக்கொண்டிருந்தபோது, இணைப்பு ஒருமுறை அறுந்து சேர்ந்தது. கண்மூடித் திறக்கும் நேரம்தான். டோரீன் உடனே ராய்ஸை அழைத்தாள்.

"நெட்வொர்க் விட்டுப் போச்சு, ராய்ஸ்."

மறுமுனையில் ஒரு மௌனம். அழைப்பு அறுந்துவிட்டதோ என்று அவள் கைப்பேசியை எடுத்துப் பார்த்தாள், அறுந்திருக்கவில்லை.

"புது ஃபர்ம்வேர் வந்திருக்கு" என்றார் ராய்ஸ். "கம்பெனி சைட்ல இருந்து எடுத்துப் போட்டுடு. சரியாயிடும்."

போட்டாள். பலகையின் உள்ளே எழுதப்பட்டிருந்த அடிப்படை நிரல் புதிதானது. அதன்பின் இடறவில்லை. விசாரணை நாள் வரை ஒருமுறைகூட இடறவில்லை.

விசாரணை அன்று மன்றம் நிரம்பியிருப்பதை டோரீன் தொலைபேசியின் இரைச்சலிலேயே உணர்ந்தாள். நிறுவனத்தின் வழக்கறிஞர் இனிய குரலில் தொடங்கினார். டோரீனின் விரல்கள் ஓடின. வேலைவாய்ப்பு என்றார், எழுதினாள். வளர்ச்சி என்றார், எழுதினாள். பிறகு அந்தக் குரல் சற்றே தாழ்ந்தது. "இரண்டு சிறு திருத்தங்கள்" என்றது.

அந்தச் சொல்லோடு அவள் திரையின் மூலையில் ஒரு சிறு குறி தோன்றியது. இணைப்பு இல்லை.

அவள் கம்பியைப் பிடுங்கிச் சொருகினாள். இல்லை. கணினியை அணைத்து எழுப்பினாள். செவ்விளக்குகள் வரிசையாக, வீராப்பாக எரிந்தன, இணைப்பு இல்லை. காதில் வழக்கறிஞர் பேசிக்கொண்டே இருந்தார். பேட்டரி ஏற்றிவரும் லாரிகள் ஆன்சலின் தெருவழியே போகமாட்டா, அந்தத் திட்டத்தைக் கைவிடுகிறோம் என்றார். அதற்கு ஈடாக, ஈயப் புகையை வடிகட்டும் கருவியைப் பொருத்துவதற்கு மட்டும் கொஞ்சம் கால நீட்டிப்பு வேண்டும் என்றார். உலை முதலில் எரியுமாம், வடிகட்டி பிறகு வருமாம்! டோரீனுக்கு எல்லாம் கேட்டது. ஒவ்வொரு சொல்லும் துல்லியமாகக் கேட்டது. கேட்ட எதையும் அவளால் அந்தச் சுவருக்கு அனுப்ப முடியவில்லை. பழைய மடிக்கணினியை இழுத்தாள். எழுத்து மென்பொருளைத் திறக்கும் சாவித்துண்டை அதில் சொருகினாள். அது சோம்பல் முறித்து எழ மறுத்தது; நெடுநாள் தூங்கிய கணினிகளின் வழக்கப்படி, முதலில் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளத் தொடங்கியது.

"மன்றத் தலைவர் அவர்களே, திரை வேலை செய்யலை" என்று யாரோ சொல்வது கேட்டது.

"தொழில்நுட்பக் கோளாறு. கவனிச்சிட்டிருக்காங்க. நாம மேல போகலாம்."

மேலே போனார்கள். ஆன்சல் பிக்கெட்டின் பெயர் வந்தது. பக்கத்தில் இருந்த யாரோ தோளைத் தட்டியிருக்க வேண்டும். அவருடைய உரத்த குரல் டோரீனின் காதில் இறங்கியது.

"அந்த லாரிங்க எங்க தெருவழியா போகக் கூடாது!" என்று ஆரம்பித்தார். இரவெல்லாம் எழுதித் தயார் செய்திருந்த வாதம். குழந்தைகள் நடக்கும் வழி, பள்ளிப் பேருந்து நிற்கும் முனை என்று ஒவ்வொன்றாக அடுக்கினார்.

"ஐயா, லாரி விஷயத்தை அவங்க கைவிட்டாச்சு" என்று ஓர் உறுப்பினர் குறுக்கிட்டார். ஆன்சலுக்கு அது எப்படிக் கேட்கும்? அவர் லாரிகளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். கூட்டத்தில் ஒருவர் சிரித்தார். பிறகு இன்னும் சிலர். இல்லாத எதிரியோடு வாள் வீசும் கிழவரைப் பார்த்துச் சிரிப்பதுபோலச் சிரித்தார்கள். ஆன்சலின் குரல் ஓர் இடத்தில் தடுமாறியது. முகங்களைப் பார்த்திருப்பார். ஆனால் பேச்சை நிறுத்தவில்லை. மணி அடிக்கும் வரை பேசினார். மணியும் கேட்காமல், காவலர் வந்து கையைத் தொடும் வரை பேசினார்.

வடிகட்டியைப் பற்றி அன்று ஒருவரும் கேட்கவில்லை. மடிக்கணினி விழித்தபோது வாக்கெடுப்பு முடிந்திருந்தது. உலைக்கு அனுமதி கிடைத்துவிட்டது.

நகர அலுவலகத்திலிருந்து டோரீனுக்கு அந்த வாரமே செய்தி வந்தது: இனி எழுத்தை, ஆள் இல்லாமல் தானே எழுதும் எந்திரமே பார்த்துக்கொள்ளும், இதுவரை ஆற்றிய பணிக்கு நன்றி. அந்த எந்திரம் எப்படி எழுதுகிறது என்று அடுத்த கூட்டத்தில் பார்த்தாள். மனிதர்களின் பெயர்களை அது மென்று துப்பிக்கொண்டிருந்தது. அதைத் திருத்தச் சொல்லிக் கேட்பவர் யாரும் இல்லை. கேட்க வேண்டியவர்களுக்குத்தான் என்ன பேசப்பட்டது என்றே தெரியாதே!

அவள் கணினியைத் திறந்தாள். இணைப்புச் சில்லின் பெயராகக் கணினி காட்டியது அவள் எதிர்பார்த்த பெயரல்ல. நம்ப மனம் வராமல், திருகுகளைக் கழற்றிக் கவசத்தைத் தூக்கினாள். ராய்ஸின் காணொளியை நிறுத்தி வைத்து, அதையும் இதையும் பார்த்தாள். அதே பலகை, அதே பெயர், அதே கவசம். கவசத்துக்குக் கீழே, காணொளியில் பெரிய சில்லு இருந்த இடத்தில், வேறொரு மலிவான சிறு சில்லு. அவள் மாலை மாலையாகப் படித்த புலம்பல்களில் அடிக்கடி வந்த அதே சில்லு.

பலகையைக் கையோடு எடுத்துக்கொண்டு ராய்ஸின் வீட்டு நிலவறைக்குப் போனாள். சுவரெல்லாம் பலகைகள், சட்டம் போட்டு மாட்டிய படங்கள்போல. ராய்ஸ் அதை வாங்கிப் பார்த்தார், நெடுநேரம் பார்க்கவில்லை.

"கவசத்தைக் கழட்டிட்டியா? வாரண்டி போயிடுமே, டோரீன்."

"ராய்ஸ், உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"எதைக் கேக்கற?"

"எதைக் கேக்கறேன்னு உனக்குத் தெரியும்."

அவர் நாற்காலியில் அமர்ந்தார். "ஜனவரியில ஒருத்தன் சிப் மாறியிருக்குன்னு எழுதினான். கம்பெனியைக் கேட்டேன். தட்டுப்பாடு, அதனால மாத்தினோம், ஃபர்ம்வேர்ல சரி பண்ணிடுவோம்னாங்க."

"கிழிப்பு பிப்ரவரியில."

"தெரியும்."

"என் எதிர்ல உக்காந்து சொன்னியே, நல்ல சிப்னு!"

"என் போர்டுல நல்ல சிப்தான் இருக்கு. நான் பொய் சொல்லலை. நீயே வீடியோவுல பாத்தியே."

"கடையில விக்கறது வேறன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா அடுத்த போர்டு வராது." அவர் குரலில் கெஞ்சல் இருந்தது. "அதைப் புரிஞ்சுக்கோ. எனக்கு வரலைன்னா வேற எவனுக்கோ போகும். அவன் வாயத் தொறந்தா புளுகு. நான் இருக்கறதால கொஞ்சமாச்சும் உண்மை வெளிய வருது."

கொஞ்சமாவது உண்மையாம்! பசித்தவன் தட்டில் பாதிச் சோறும் பாதி மண்ணும் போட்டுவிட்டு, பாதியாவது சோறு என்று நன்றி எதிர்பார்க்கிறவர்களை என்னவென்று அழைப்பது? ராய்ஸ் டெட்மர் தன் நாவை விற்கவில்லை; அதுதான் அவர் நாணயத்தின் எல்லை. அவர் விற்றது தன் மௌனத்தை. சொல்லுக்கு விலை வாங்குகிறவனை ஊர் ஒருநாள் கண்டுபிடித்துவிடும். மௌனத்துக்கு விலை வாங்குகிறவன் கடைசிவரை கனவானாகவே உலவுவான்.

"அன்னிக்கு ஆன்சல் பிக்கெட்டைப் பாத்துச் சிரிச்சாங்க, ராய்ஸ். எனக்குக் கேட்டுச்சு."

"அதுக்கு நான் என்ன பண்ணுவேன்? நீ ரெண்டாவது மெஷின் ஒண்ணு தயாரா வச்சிருக்கணும்."

சனிக்கிழமை அவள் சங்கத்தில் எழுந்தாள். நடந்ததை நடந்தபடி சொன்னாள். சொல்லி முடித்ததும் யாரும் ராய்ஸைப் பார்க்கவில்லை, காபியைப் பார்த்தார்கள்.

லைல்தான் தொண்டையைச் செருமினார். "ஏம்மா, மாட்டும்போது மணிக்கட்டுல வளையம் போட்டுக்கிட்டியா? உடம்புல இருக்கிற கரண்ட் பட்டா சிப் போயிடும்."

"மாட்டினது நீ, லைல். இதே மேசையில."

ஒருவரும் சிரிக்கவில்லை.

"ஒரே ஒரு சிப்பு. அதுக்கு ஒரு மனுஷனைப் போயி..." என்றது ஒரு குரல். "கேபிள் பழசா இருந்திருக்கும்" என்றது மற்றொன்று. "வீட்டு லைன்லயே கோளாறு இருக்கும்." ஒவ்வொருவரும் ஒரு காரணம் கண்டுபிடித்தார்கள். அந்தக் காரணங்கள் எல்லாவற்றிலும் குற்றவாளி ஒருத்தியே. பொருளில் பிழையில்லை, விற்றவனிடம் பிழையில்லை, புகழ்ந்தவனிடம் பிழையில்லை. வாங்கியவளின் கையில்தான் பிழை. ஏமாற்றப்பட்டவளை முட்டாளாக்கிவிட்டால், ஏமாறப் போகிறவர்கள் நிம்மதியாக இருக்கலாம் அல்லவா?

ராய்ஸ் மெதுவாகக் கேட்டார்: "சரி, அடுத்த கிழிப்பு யாரு?"

புதிதாகச் சேர்ந்த பேருந்து ஓட்டுநர் ஒருவர் தயங்கி எழுந்தார். தன் மனைவி வீட்டிலிருந்தபடி மருத்துவமனைக்குக் கணக்கு எழுதுகிறாள், அவளுக்கு ஒரு கணினி என்றார். மதர்போர்டு என்று வந்தபோது டாங்கியின் பெயரைச் சொன்னார்.

"வேண்டாங்க" என்றாள் டோரீன். "நான் இப்போ சொன்னதைக் கேட்டீங்கல்ல? அது வேண்டாம்."

ஓட்டுநர் அவளைப் பார்த்தார். பிறகு, அந்த நிலவறையில் எல்லோரும் பார்க்கும் திசையில், ராய்ஸைப் பார்த்தார்.

ராய்ஸ் தன் கோப்பையைச் சுழற்றினார். ஒரு சொல் போதும். அவருடைய பழைய பெருமையெல்லாம் அந்த ஒரு சொல்லில் மீண்டிருக்கும். அந்தச் சொல் அவர் தொண்டைவரை வந்ததை டோரீன் பார்த்தாள் என்றே சொல்லலாம்.

"நல்ல போர்டுதான்" என்றார் ராய்ஸ்.

கைதட்டினார்கள்.

ஆகஸ்ட் மாதத்தில் டோரீன் ஆன்சல் பிக்கெட்டின் வீட்டுக்குப் போனாள். அதுவரை போகத் துணிவில்லை. மடிக்கணினியையும் சுருக்கெழுத்து எந்திரத்தையும் கொண்டு போயிருந்தாள்; வாசல் முகப்பில் இருந்த சிறு மேசையில் வைத்து, திரையை அவர் பக்கம் திருப்பினாள். தெருமுனையில் உலை இன்னும் எரியத் தொடங்கவில்லை. ஆனால் பேட்டரிகளை உடைக்கும் கொட்டகை இயங்கத் தொடங்கிவிட்டது. காற்றில் புளிப்பேறிய ஒரு நெடி.

அவள் எழுதினாள், எல்லாவற்றையும் எழுதினாள். பச்சைப் பலகை, டாங்கி, மாற்றப்பட்ட சில்லு, ராய்ஸ். அவர் கண்கள் வரிகளோடு நகர்ந்தன. கடைசியில், இனி எந்த விசாரணை வந்தாலும் கூலியில்லாமல் வந்து உங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்து எழுதுகிறேன் என்று எழுதினாள்.

"இனிமே விசாரணை இல்ல, மிஸ் டோரீன்" என்றார் ஆன்சல். "ஓட்டு போட்டு முடிச்சாச்சு."

பிறகு கேட்டார்: "அந்தப் பச்சை போர்டுதான் சரின்னு உங்களுக்கு அப்பவே தெரியுமா?"

அவள் ஆமென்று தலையசைத்தாள்.

"படிச்சுப் பாத்து, தேடிப் பாத்து, தெரிஞ்சுதான் இருந்துச்சு?"

மீண்டும் தலையசைத்தாள்.

"அப்புறம் ஏன் மாத்தினீங்க?"

டோரீனின் விரல்கள் விசைகளின்மீது நின்றன. ராய்ஸின் பெயரை எழுதலாம். நிறுவனத்தின் வஞ்சகத்தை எழுதலாம். எழுதினால் அதுவும் உண்மைதான். அவள் ஒரு சொல்லை மட்டும் எழுதினாள்.

'சிரித்தார்கள்.'

ஆன்சல் அந்தச் சொல்லை நெடுநேரம் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவளுக்குத் தாங்க எளிதாக இருந்திருக்கும்.

"என்னைப் பாத்தும்தான் சிரிச்சாங்க" என்றார். "அதுக்காக நான் உக்காரலையே."

பிறகு எழுந்து உள்ளே போனார். கோடையின் உச்சத்தில், காற்றுக்காக எல்லா வீடுகளும் திறந்து கிடந்த அந்த நடுப்பகலில், அவர் தன் வீட்டுச் சன்னல்களை ஒவ்வொன்றாக இழுத்து மூடுவதை டோரீன் கேட்டுக்கொண்டிருந்தாள்.